தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொண்டது.

நான் சௌக்கியம். உன் அத்தானின் நெஞ்சு பழையபடிதான். சுரங்கத்தில் விழுங்கிய கரித்தூசியை இன்னும் தவணை முறையில் இருமிக்கொண்டிருக்கிறார். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? தினமும் நடக்கச் சொன்னாரே டாக்டர், நடக்கிறாயா?

எங்கள் தெருவுக்கு ஒரு புதுக் காவலர் வந்திருக்கிறார். நடந்தால் ஷூ கிறீச்சிடுவதால் 'புது ஷூ' என்று தெரு அவருக்குப் பேர் வைத்துவிட்டது. நேற்றுக் காலை நான் முன்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தால், அடுக்களையில் என் உப்பு ஜாடி மேல் ஒரு அட்டை சாய்ந்து நிற்கிறது. 'உங்கள் பின்கதவு பூட்டப்படவில்லை. நான் திருடனாக இருந்திருந்தால்?' என்று அச்சடித்திருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் அடுத்தவர் அடுக்களை வரைக்கும் வந்துவிட்டுக் கேள்வி வேறு.

உன் அத்தான் அடுத்த அறையில்தான் படுத்திருந்தார். "வந்தது திருடன் இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும். திருடனா இருந்தா கதவைச் சாத்திட்டில்ல போயிருப்பான்," என்றார். புது ஷூ கதவை அகலத் திறந்துபோட்டுப் போயிருந்தார். பூனை வந்து பாலைக் குடித்துவிட்டது. திட்டம் தொடங்கிய முதல் நாளே திருட்டு.

அட்டையின் அடியில் 'பாதுகாப்பான தெரு' என்று திட்டத்தின் பேர். அதற்கும் அடியில் உன் பேர், பதவியோடு. போலீஸ் தலைமை அலுவலகத்தில் நீ என்னதான் செய்கிறாய் என்று இத்தனை வருஷமாகத் தெரியாமல் இருந்தது, இப்போது தெரிந்துவிட்டது. சுரங்க வேலைநிறுத்தத்தின்போது உன் துறை இந்தத் தெருவில் முன்கதவுகளை உடைத்துக்கொண்டு வந்தது. இப்போது பின்கதவு வழியாக அட்டையோடு வருகிறது. முன்னேற்றம்தான்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அக்கா

ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். முதுகுக்குப் பெல்ட் போட்டிருக்கிறேன். அத்தானை வெந்நீரில் ஆவி பிடிக்கச் சொல்.

நீ கேலி செய்வாய் என்று தெரிந்தேதான் உங்கள் தெருவைத் தேர்ந்தெடுத்தேன். நான் பிறந்த தெரு அது. சுரங்கம் மூடியபின் அங்கே நடக்கும் திருட்டு, வட்டாரத்திலேயே அதிகம். பாதி, 'கம்பி' என்று தெரு கூப்பிடுகிறதே, அவன் செய்தது. சுரங்கத்தில் மின்கம்பி இழுத்தவன், மூடியபிறகு தான் இழுத்த செம்பையெல்லாம் தானே உருவி விற்றான். இரண்டு முறை சிறைக்குப் போயும் திருந்தவில்லை. நம் ஆட்களோ பின்கதவைத் தாழ்போடாமல் தூங்குகிறார்கள். மண்ணுக்கடியிலேயே காலம் கழித்தவர்களுக்கு மேலே உலகம் மாறியது தெரியவில்லை.

வீட்டுக்கு ஒரு பூட்டு இலவசமாகத் தருகிறோம். கதவைச் சாத்தினால் தானாகவே பூட்டிக்கொள்ளும். சுரங்கத்து விளக்கறையில் ஒவ்வொருவன் கையிலும் விளக்கைக் கொடுத்து இறக்கிவிட்டவள் நீ. நீ சொன்னால் தெரு கேட்கும். முதல் பூட்டு உன் வீட்டுப் பின்கதவில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. தயவுசெய்து மறுக்காதே.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம் மட்டும்தான். ஆவி பிடித்ததில் உன் அத்தானுக்கு முகம் சிவந்தது, இருமல் அப்படியே இருக்கிறது.

நான் பூட்டு வேண்டாம் என்று எழுத உட்கார்ந்தேன். அதற்குள் உன் அத்தான் ஆளைக் கூப்பிட்டுப் பூட்டை மாட்டியே விட்டார். "மச்சான் முதல்தடவையா ஒண்ணு கேட்டிருக்கான். அவன் பேரு கெடலாமா?" என்கிறார். அந்த வேலைநிறுத்தத்துக்கு அப்புறம் தெருவே உன்னோடு பேச்சை விட்டபோதும் உனக்காக வாதாடிய ஒரே ஆள் அவர். நீ அதற்குத் தகுதியா என்று நான் கேட்கவில்லை.

பூட்டின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. 'துறையின் உடைமை. கழற்றுவது தண்டனைக்குரியது.' என் கதவில் எனக்கு உரிமை இல்லாத பாகம் ஒன்று உண்டாகிவிட்டது. நாற்பது வீட்டிலும் இதே கதை.

தெருக் காவல் குழுவுக்குத் தலைவர் யார் என்று நினைக்கிறாய்? பழைய டைம்கீப்பர்தான். சுரங்க வாசலில் நின்றுகொண்டு, தாமதமாக வந்தவனுக்குக் கூலியை வெட்டிய அதே ஆள். சுரங்கத்தை மூடியதும் மனுஷன் செல்லாக்காசாகிப் போயிருந்தார். இப்போது நீ கையில் ஒரு பட்டையும் வாயில் ஒரு விசிலும் கொடுத்திருக்கிறாய். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவர் பட்டப்பகலில் விசில் ஊதுகிறார். காய்கறிக்காரி தெருவில் நுழைந்தாலும் விசில்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பதில் எழுது. போன கடிதத்தில் கையெழுத்து கோணல்.

அக்கா

மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. வேலை அதிகமாக இருக்கும். சுகமாக இருந்தால் சரி. நாங்கள் இருக்கிறோம்.

உன் பூட்டைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. சுரங்கத்தில் இறங்குகிறவனுக்கு முதல் பாடம் என்ன? தாண்டுகிற கதவைப் பின்னாலேயே சாத்து. சாத்தாவிட்டால் காற்று வழி மாறி, உள்ளே வேலை செய்கிறவனுக்கு மூச்சு முட்டும். ஆனால் தாழ் மட்டும் போடாதே, ஓடிவருகிறவனுக்குத் திறக்க வேண்டும். அப்பா இதை உனக்கும் சொல்லியிருக்கிறார். இந்தத் தெருவில் குழந்தைகூடக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போகாது.

அப்படிப்பட்ட தெருவுக்கு நீ சாத்தினால் பூட்டிக்கொள்ளும் பூட்டைக் கொடுத்திருக்கிறாய். சாவி உள்ளே, ஆள் வெளியே. தினம் இரண்டு பேராவது வாசலில் நிற்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் இடுப்பில் துண்டோடு நின்றார், தலையில் சோப்பு நுரை. பக்கத்து வீட்டுக்காரியின் அடுப்பில் குழம்பு கரிந்துகொண்டிருக்க, அவள் ஜன்னல் வழியாகக் குழம்பைத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் மூன்று தடவை. உன் அத்தான் எத்தனை தடவை என்று அவரே எண்ணுவதை விட்டுவிட்டார். டைம்கீப்பர் எங்கள் எல்லோருக்கும் 'சாவிப் பழக்கம்' பற்றி ஒரு மணி நேரம் உபதேசம் செய்துவிட்டு வீட்டுக்குப் போனார். வாசலில் பையைத் தடவிக்கொண்டு நின்றார்.

எப்படியோ எல்லாக் கதவும் திறந்துவிடுகிறது. திறக்கிறவருக்கு ஒருவேளைச் சாப்பாடு, ஒரு டீ. தெரு கலகலப்பாகத்தான் இருக்கிறது.

பெல்ட்டைத் தூங்கும்போது கழற்றி வை.

அக்கா

ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். நலமே. முதுகு தேவலை.

ஒரு நல்ல சேதி. பூட்டுகள் மாட்டியதிலிருந்து உங்கள் தெருவில் ஒரு திருட்டுகூட இல்லை. செம்புக் கம்பித் திருட்டும் நின்றுவிட்டது. வட்டாரத்தில் வேறெந்தத் தெருவும் இப்படிச் சாதிக்கவில்லை. ஜூலை வரை இப்படியே இருந்தால் உங்கள் தெருவுக்குக் கேடயம். நானே வந்து கொடுப்பேன், தெருவின் சார்பில் நீதான் மேடையேறி வாங்க வேண்டும். என் பதவி உயர்வும் இதையொட்டித்தான் இருக்கிறது என்பதை உன்னிடம் மறைப்பானேன்?

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். சாவி இல்லாமல் அந்தப் பூட்டைத் திறக்கவே முடியாது என்று செய்தவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கதவுகளை யார் திறக்கிறார்?

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி

ஜூன் 2

தம்பிக்கு,

உன் கேள்விக்குப் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

கதவுகளைத் திறந்தது நீ எழுதினாயே, அந்தக் கம்பிதான். வளைத்த கம்பி ஒன்றை விடுவான், காதைப் பூட்டில் வைப்பான், திறந்துவிடும். திறந்தபின் உள்ளே காலை வைக்கமாட்டான். வாசலிலேயே நின்று, "அக்கா, சாவியை எடுத்து இடுப்புல செருகுங்க," என்பான். தெருவில் எல்லோரும் அவனைத் தேட, எல்லோரும் அவனுக்குச் சோறு போட, அவனுக்குத் திருடப் போக நேரமில்லை. உன் திருட்டில்லாத தெருவின் காரணம் இதுதான். கேடயத்தில் அவன் பேரைப் போட வேண்டியது.

போன செவ்வாய் நான் முன்கதவைப் பூட்டிக்கொண்டு மருந்து வாங்கப் போயிருந்தேன். உன் அத்தான் பின்பக்கம் போய்விட்டு உள்ளே வந்து, பழக்கப்படி கதவைச் சாத்தினார். அடுக்களையில் மூச்சு அடைத்து விழுந்தார். எழ முடியவில்லை. கைக்கு எட்டிய டம்ளரை எடுத்துச் சுவரில் தட்டினார். மண் சரிந்து மாட்டிக்கொண்டவன் தட்டுகிற தட்டு, விட்டு விட்டு. பக்கத்து வீட்டுக்காரிக்கு அது புரியும், அவளும் சுரங்கத்து வீட்டுப் பெண்தான். முன்னெல்லாம் என்றால் பின்கதவைத் தள்ளி உள்ளே வந்திருப்பாள். உன் பூட்டு விடவில்லை. கம்பியைக் கத்திக் கூப்பிட்டாள்.

அவன் ஓடி வந்து கதவைத் திறந்தான். அன்றைக்கு ஒருநாள் மட்டும் வாசலைத் தாண்டி உள்ளே போனான். உன் அத்தானை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து, நெஞ்சை நீவி, மூச்சைக் கொண்டுவந்தான். அந்த நேரம் பார்த்து விசில். டைம்கீப்பரும் புது ஷூவும் பின்வாசலில். கையில் வளைத்த கம்பி, பூட்டியிருந்த வீடு, உள்ளே பழைய கேடி. புது ஷூ முதலில் கம்பிக்கு விலங்கு மாட்டினார். கீழே கிடந்தவரை அதற்கப்புறம்தான் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரி தொண்டை கிழியக் கத்தியும், "எல்லாம் ஸ்டேஷன்ல வந்து சொல்லும்மா," என்று பதில்.

உன் அத்தான் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பிழைத்துக்கொண்டார். கம்பி லாக்கப்பில் இருக்கிறான். நான் ஸ்டேஷனுக்குப் போனேன், "மேலிடத்தில் கேட்க வேண்டும்" என்றார்கள். மேலிடம் நீதான். ஒரு வார்த்தை சொல், அவனை விடச் சொல். உன்னிடம் இதுவரைக்கும் நான் எதுவும் கேட்டதில்லை.

அக்கா

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் செய்தி கேட்டு மிகவும் கலங்கிவிட்டேன். ஆஸ்பத்திரித் தலைமை மருத்துவரிடம் பேசியிருக்கிறேன், தனி அறை கொடுப்பார்கள். பழங்களும் சத்துமாவும் அனுப்பியிருக்கிறேன். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கும் ரத்த அழுத்தம் இருக்கிறது.

விழா ஜூலை 18 என்று முடிவாகியிருக்கிறது. கேடயம் வெண்கலத்தில் வார்த்தாகிவிட்டது. மேடைக்கு நீ அந்தப் பச்சைப் புடவையைக் கட்டிக்கொள்.

இங்கு மழை தொடங்கிவிட்டது. உங்கள் பக்கம் எப்படி?

அன்புத் தம்பி

ஜூன் 22

தம்பிக்கு,

மழை எப்படி என்று கேட்டாய். பெய்கிறது. பழம் வந்தது. பாதி அழுகல், மீதியை வார்டில் கொடுத்துவிட்டேன். தனி அறை வேண்டாம் என்று உன் அத்தான் சொல்லிவிட்டார். பேச ஆள் வேண்டுமாம்.

நான் எழுதியது ஒரே ஒரு கேள்வி. நீ ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதினாய், புடவையைப் பற்றி எழுதினாய், வானிலை அறிக்கையும் படித்தாய். பள்ளிக்கூடத்தில் தெரியாத கேள்வியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதி வைப்பாயே, அந்தப் புத்தி அப்படியே இருக்கிறது.

சரி, நானே சுலபமாக்குகிறேன். கம்பி என் வீட்டில் புகுந்த திருடன் என்றால், தெருவில் திருட்டு நடந்திருக்கிறது. உன் கேடயத்தை உருக்கிவிடு. திருட்டே நடக்கவில்லை என்றால் அவன் திருடன் இல்லை. அவனை வெளியே விடு. இரண்டில் ஒன்று சொல். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்றால் நடக்காது.

உன் அத்தான் கண்ணைத் திறந்ததும் கேட்ட முதல் வார்த்தை, "கம்பிக்குச் சாப்பாடு போச்சா?" இரண்டாவது, "மச்சான் லெட்டர் போட்டானா?" போட்டாய் என்றேன். என்ன எழுதினாய் என்று சொல்லவில்லை. கேட்டால் அவருக்கு மறுபடியும் மூச்சு அடைக்கும்.

அக்கா

ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ கோபத்தில் எழுதியிருக்கிறாய். நிதானமாகப் படி.

இரண்டில் ஒன்று என்றாய். சட்டத்தில் மூன்றாவதும் ஒன்று இருக்கிறது. முன்னெச்சரிக்கைக் காவல். இனிமேல் குற்றம் செய்யக்கூடியவன் என்று கருதப்படுபவனை ஆறு மாதம் உள்ளே வைக்கலாம். இதில் குற்றம் எதுவும் நடந்ததாகப் பதிவாகாது, தடுக்கப்பட்டதாகவே பதிவாகும். தெருவின் சாதனைக்கும் பங்கம் இல்லை. எந்தப் பூட்டையும் திறக்கத் தெரிந்த ஒருவனை வெளியே உலவவிட்டு நான் எப்படிப் 'பாதுகாப்பான தெரு' என்று மேடையில் பேசுவது? உத்தரவில் நானே கையெழுத்திட்டேன். அவன் அத்தானுக்குச் செய்த உதவியை மனதில் வைத்து, அவனுக்குக் கம்பளி கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

பதினெட்டாம் தேதி சந்திப்போம்.

தம்பி

ஜூலை 14

தம்பிக்கு,

கம்பளிக்கு நன்றி. தாராள மனசுதான்.

இதைக் காவல் நிலைய வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். முந்தாநாள் காலையிலிருந்து தெரு மொத்தமும் இங்கேதான் இருக்கிறது. கோஷம் இல்லை, கொடி இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறோம். புது ஷூ வந்து, "எப்பம்மா வீட்டுக்குப் போவீங்க?" என்றார். "உள்ள ஒரு ஆள் இருக்கானே தம்பி, எப்படிப் போறது?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவருக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

அப்பா மண்சரிவில் மாட்டிக்கொண்ட அன்றைக்கு ஷிப்ட் முடிந்தது. ஒரு ஆள் நகரவில்லை. அடுத்த ஷிப்டும் வந்து கூட நின்றது. ஒருத்தன் உள்ளே இருக்கிறவரைக்கும் மேலே வந்தவன் வீட்டுக்குப் போகக்கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் போனவன் இந்த ஊரில் கிடையாது. நீ என் இடுப்பில் இருந்தாய். மூன்றாம் நாள் அப்பாவை உயிரோடு தூக்கிவந்தவர்களில் கம்பியின் அப்பாவும் ஒருவர். அவர் உன் முகத்தைத் துடைத்துவிட்டார், அவர் கையிலிருந்த கரி உன் முகத்தில் ஒட்டிக்கொண்டது. அதை நீ இப்போது நன்றாகக் கழுவிவிட்டாய்.

டைம்கீப்பர் வீட்டைத் தவிர எல்லா வீட்டுப் பின்கதவும் திறந்து கிடக்கிறது. கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க எல்லோரும் பழைய சுரங்க பூட்ஸை இடுக்கில் முட்டுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். பூட்டைக் கழற்றவில்லை, அது துறையின் உடைமை. வட்டாரத்துத் திருடர்களுக்கு இன்றைக்குத்தான் நல்ல நேரம். காவலர்கள் அத்தனை பேரும் இங்கே எங்களைக் காவல் காக்கிறார்கள்.

டைம்கீப்பர் முதல் நாள் மூலையில் நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தார். நேற்று வீட்டுக்குப் போனவர் திரும்பி வந்தார். கதவு பூட்டிக்கொண்டதாம், சாவி உள்ளேயாம். திறக்கிற ஆள் லாக்கப்பில். கைப்பட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். யாரும் அவரோடு பேசவில்லை, தண்ணீர் மட்டும் கொடுத்தோம்.

உன் அத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இங்கே வந்துவிட்டார். நாற்காலி போட்டிருக்கிறோம். "மச்சான் விட்டுடுவான் பாரு," என்கிறார். இன்னமும். எனக்கு உன்மேல் கோபம்கூட இல்லை தம்பி, கேவலமாக இருக்கிறது. அவருக்கு முன்னால் உன் அக்கா என்று உட்கார்ந்திருக்க வெட்கமாக இருக்கிறது.

பதினெட்டாம் தேதி வா. கூட்டத்துக்குக் குறைவில்லை.

அக்கா

ஜூலை 16

அக்கா,

போதிய முகாந்திரம் இல்லை என்று தெரியவந்ததால் அந்த நபரைக் காவலிலிருந்து விடுவிக்க உத்தரவிட்டிருக்கிறேன். நீங்கள் உட்கார்ந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. திருட்டு எதுவும் பதிவாகாததால் கேடயமும் உங்கள் தெருவுக்கே. விழாவை மட்டும் மாத இறுதிக்குத் தள்ளியிருக்கிறேன்.

நீ மேடைக்கு வருவாய் அல்லவா? அழைப்பிதழில் உன் பேர் போட்டாயிற்று. அக்கா, அன்றைக்கு உன் இடுப்பு நடுங்கிக்கொண்டே இருந்தது, எனக்கு நினைவிருக்கிறது. நான் எதையும் கழுவவில்லை.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

ஜூலை 25

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். கம்பி வெளியே வந்தான், கொஞ்சம் இளைத்திருக்கிறான். உன் கம்பளியை அங்கேயே மடித்து வைத்துவிட்டு வந்தான். தெருவுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக டைம்கீப்பர் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டான். எதுக்குடா அந்த ஆளுக்கு என்று கேட்டேன். "மனுஷன் நாலு நாளா அதே சட்டையில இருக்காருக்கா, நாத்தம் தாங்கலை," என்றான்.

அவர் வீட்டைத் தவிர மற்ற வீடெல்லாம் அத்தனை நாள் திறந்து கிடந்தது. ஒரு கரண்டிகூடக் காணாமல் போகவில்லை. இதை உன் அறிக்கையில் எந்தக் கட்டத்தில் போடுவாய் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முகாந்திரம் இல்லை என்று எழுதியிருந்ததை உன் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். "பாத்தியா, விட்டுட்டான்ல," என்று சிரித்தார். அவர் சிரிப்பதால்தான் இந்தக் கடிதம். இல்லையென்றால் எழுதியிருக்கமாட்டேன்.

மேடைக்கு வரமாட்டேன். தெருவிலிருந்து யாரும் வரமாட்டார்கள். நீயும் புது ஷூவும் ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கேடயத்தைத் தபாலில் அனுப்பிவை. வெண்கலம் என்று எழுதியிருந்தாய், நல்ல கனமாகத்தான் இருக்கும். டாக்டர் உன் அத்தானைத் தினமும் கொஞ்ச தூரம் நடக்கச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பழைய பூட்ஸ்தான் காலுக்குச் சரியாக இருக்கிறது. பின்கதவுக்கு முட்டுக்கொடுக்க வேறொன்று வேண்டும். 

அக்கா